ஆமணக்கும் கள்ளியும் ஒரே குடும்பம்னா பூக்கொத்து மட்டும் ஏன் வேற வேற? (பொண்ணோட பிளஸ் ஒன் பாட்டனி, கொஞ்சம் அவசரம்)

தென்றல்வீடு:
எல்லாருக்கும் வணக்கம். நான் பி.காம் படிச்சவ, பாட்டனிக்கும் எனக்கும் பத்தாவதோட உறவு முடிஞ்சுபோச்சு. இப்ப பொண்ணு பிளஸ் ஒன் பயாலஜி குரூப்பு, மஞ்சரி (அதான் பூக்கொத்து) வகைன்னு ஒரு பாடம், அதுக்கு செடிகளைப் பறிச்சு ஒட்டி குடும்பப் பேரோட ஒரு ஆல்பம் கொண்டுவரணுமாம், திங்கக்கிழமை கடைசி நாள். அவ ஒரு டேபிள் போட்டு மனப்பாடம் பண்ணி வச்சிருக்கா, ஆஸ்டரேசின்னா தலை மஞ்சரி, லேமியேசின்னா (துளசி, தும்பை குடும்பம்) வெர்டிசில்லாஸ்டர், யூஃபோர்பியேசின்னா சயாத்தியம், ஏப்பியேசின்னா குடை, இப்படியே வரிசையா. போன டெஸ்ட்ல ஆமணக்குப் படம் குடுத்து என்ன மஞ்சரின்னு கேட்டிருக்காங்க, ஆமணக்கு யூஃபோர்பியேசிதானேன்னு சயாத்தியம்னு எழுதிட்டு வந்துட்டா, மார்க் போச்சு. ஏன் தப்புன்னு கேட்டதுக்கு "புக்கைப் பாரு"ன்னு மட்டும்தான் பதிலாம். புக்கைப் பாத்தா சயாத்தியத்துக்கு எதிர்ல யூஃபோர்பியான்னுதான் (கள்ளி வகை) போட்டிருக்கு, ஆமணக்கப் பத்தி அங்க பேச்சே இல்ல.

எனக்குத் தெரிய வேண்டியது ரெண்டு. ஒரு குடும்பத்துக்கு ஒரே வகைதான்னு ஏதாவது விதி இருக்கா இல்லையா? ரெசிமோஸ், சைமோஸ்னு சொல்றாங்களே, செடியைக் கையில வச்சுக்கிட்டு அதை எப்படிக் கண்டுபிடிக்கிறது? நாங்க இருக்குறது சின்ன டவுன், கொல்லையில கெடைக்கிறது ரோட்டோரம் கெடைக்கிறது இவ்வளவுதான். அப்புறம் சூரியகாந்தி ஒரு பூ இல்லன்னு அவ சொன்னப்ப எங்க மாமியார் சிரிச்ச சிரிப்பு இருக்கே, அதுக்கும் சேத்து ஒரு பதில் வேணும்.

மாடித்தோட்டம்_செல்வி:
அக்கா, மாமியாருக்கு சூரியகாந்தி வேணாம், செண்டுமல்லியைக் காட்டுங்க. காஞ்ச செண்டுமல்லியைப் பிச்சு "இதழ்" ஒண்ணை உருவுங்க, அடியில கருப்பா ஊசி மாதிரி ஒண்ணு சேந்து வரும், அதைத்தானே நாம வெதைன்னு தூவுறோம். ஒவ்வொரு இதழுக்கும் தனித்தனியா வெதை இருக்குன்னா ஒவ்வொண்ணும் தனிப் பூதானே. வெளிய பச்சையா கிண்ணம் மாதிரி இருக்கே, அது ஒரு ஊருக்கே சேத்துப் போட்ட காம்பவுண்டு சுவரு அவ்ளோதான் 😄 சாமந்தி, மூக்குத்திப்பூண்டு எல்லாமே இதே கதைதான். குடைக்கு கொத்தமல்லி வச்சுக்கோங்க, இல்லன்னா வெங்காயத்தை மண்ணுல நட்டு விட்டா தண்டு வந்து உச்சியில உருண்டையா பூக்கும், ரெண்டும் குடைதான் ரெண்டும் ரெசிமோஸ்தான்.

பழைய_வாத்தியார்:
அம்மா, முப்பது வருஷம் இந்தப் பாடத்தை நடத்தினவன், அதனால கொஞ்சம் நீளமாத்தான் வரும், பொறுத்துக்கோங்க.

முதல்ல அந்த டேபிளைக் கிழிச்சுப் போடச் சொல்லுங்க. குடும்பம்ங்கிறத தீர்மானிக்கிறது பூவோட அமைப்பு, சூல்பை, காய், விதை இதெல்லாம் சேந்து. அந்தப் பூக்கள் தண்டுல எப்படி அடுக்கியிருக்குங்கிறது வேற கேள்வி. சில குடும்பத்துல ரெண்டும் ஒத்துப்போகும், அவ்வளவு ஒத்துப்போனதால குடும்பத்துக்கே அந்தப் பேரை வச்சிருந்தாங்க. ஏப்பியேசிக்குப் பழைய பேரு அம்பெல்லிஃபெரே, குடை தாங்கிகள்னு அர்த்தம், கொத்தமல்லி, சீரகம், சோம்பு, ஓமம், கேரட்டு எதை எடுத்தாலும் குடைதான், அதுலயும் பெரும்பாலும் குடைக்குள்ள குட்டிக்குட்டிக் குடை. ஆஸ்டரேசிக்குப் பழைய பேரு கம்பாசிட்டே. அங்கயும் உங்க பொண்ணோட டேபிள் செல்லும். ஆனா பயறு குடும்பத்துக்கு வாங்க, கொன்றை சரம் சரமாத் தொங்குது, தொட்டாச்சிணுங்கி ரோஸ் கலர்ல உருண்டை, கருவேலம் மஞ்சள் உருண்டை, சீமைக்கருவேலம் புழு மாதிரி நீட்டுக் கதிரு. எல்லாம் ஒரே ஃபேபேசி. டேபிள் அங்கயே படுத்துடும்.

இப்ப ரெசிமோஸ், சைமோஸ். பசங்க எல்லாரும் உருவத்தைப் பாத்து மனப்பாடம் பண்றாங்க, பாக்க வேண்டியது வயசை. கொத்துல எந்தப் பூ மூத்தது, அது எங்க இருக்குன்னு தேடணும். கொன்றைச் சரத்தைக் கையில புடிச்சுப் பாருங்க, காம்பு பக்கம் விரிஞ்ச பூ, நுனிப் பக்கம் போகப்போக மொட்டு. நுனி இன்னும் வளந்துக்கிட்டே இருக்கு, புதுசு புதுசா மொட்டு விடுது. அது ரெசிமோஸ். மல்லிகையை எடுங்க, மூணு அரும்பு இருக்குற கொத்துல நடு அரும்புதான் பெருசு, அதுதான் முதல்ல விரியும், ரெண்டு பக்கத்துலயும் இருக்கறது அதுக்குத் தம்பிங்க. தண்டு நுனியே பூவா மாறிப்போச்சு, அதுக்கு மேல வளர வழியில்ல, அதனால பக்கத்துல கிளைக்குது. அது சைமோஸ். இட்லிப்பூவுலயும் இதே மாதிரி மூணு மூணாப் பிரிச்சு நடுவுல இருக்கறதப் பாருங்க.

ரெசிமோஸ்ல இருக்குற மத்த பேரெல்லாம் தனித்தனிப் பாடம் இல்ல, ஒரே சரத்தை நாம கையால அமுக்கி இழுத்து வெளையாடுற மாதிரி நெனச்சுக்கோங்க. கொன்றைச் சரத்துல ஒவ்வொரு பூவுக்கும் காம்பு இருக்கு. அந்தக் காம்பை எடுத்துட்டு பூவை நேரா தண்டுல ஒட்டினா நாயுருவி, கதிர் மஞ்சரி. அந்தத் தண்டே சதைப்பிடிப்பாத் தடிச்சு மேல ஒரு பெரிய மடல் மூடிக்கிச்சுன்னா சேனை, சேம்பு, ஆந்தூரியம், அதான் மடல் கதிர். மறுபடி கொன்றைக்கு வாங்க, அடிப் பூவோட காம்பு மட்டும் நீண்டு எல்லாப் பூவும் ஒரே மட்டத்துக்கு வந்தா மயில்கொன்றை மாதிரி காரிம்ப். கடுகுச் செடியில இன்னும் வேடிக்கை, பூக்குறப்ப உச்சி தட்டையா காரிம்ப் மாதிரி இருக்கும், காய் பிடிக்கப் பிடிக்க தண்டு நீண்டு சாதாரணச் சரமாயிடும், ஒரே செடி ரெண்டு விடை. தண்டை முழுசாச் சுருக்கி எல்லாக் காம்பும் ஒரே புள்ளியில கெளம்பினா குடை. காம்பும் போயி தண்டு தட்டு மாதிரி அகலமாயிட்டா சூரியகாந்தி, அதான் தலை மஞ்சரி. தட்டுல ஓரத்துப் பூ மூத்தது, நடுவுல இருக்கறது கடைக்குட்டி. அதனாலதான் சூரியகாந்தி வெளியேருந்து உள்ள உள்ள வட்டம் வட்டமா விரிஞ்சுக்கிட்டுப் போகுது, நாலஞ்சு நாள் பாத்தா நல்லாத் தெரியும். வெளிய மஞ்சளா நாக்கு நாக்கா நீட்டிக்கிட்டு இருக்கறது மலட்டுப் பூ, விதை பிடிக்காது, வண்டைக் கூப்பிடுற போர்டு மட்டும்தான். விதையெல்லாம் நடுத்தட்டுல இருக்குற குட்டிப் பூவுலதான். (செண்டுமல்லில வெளிப் பூவும் விதை பிடிக்கும், செல்வி சொன்னது சரிதான்.)

ஆமணக்குக்கு வரேன். ஆமணக்கும் கள்ளியும் ஒரே குடும்பம்ங்கறதுக்கு முக்கியமான சாட்சி காய். ரெண்டுலயும் மூணு அறை, அறைக்கு ஒரு விதை, முத்தினா வெடிக்கும். பூக்கள் ரெண்டுலயும் ஆண் தனி பெண் தனி. ஆனா அடுக்குன விதம் வேற. ஆமணக்குல நீளமான கொத்து, அடியில மஞ்சளா ஆண் பூ, மேல செவப்பு நூல் நூலா சூல்முடி நீட்டிக்கிட்டு பெண் பூ. பக்கத்துலயே குப்பைமேனி நின்னுக்கிட்டு இருக்கும் பாருங்க, அதுவும் இந்தக் குடும்பம்தான், அதுல தலைகீழு, பெண் பூ அடியில கிண்ணம் மாதிரி செதிலுக்குள்ள, ஆண் பூ மேல. சயாத்தியம்ங்கிறது யூஃபோர்பியாங்கிற பேரினத்துக்கும் (குடும்பத்துக்குள்ள வர்ற சின்னக் குழு) அதோட நெருங்கின சொந்தக்காரங்களுக்கும் மட்டும். உங்க பொண்ணு குடும்பப் பேரையும் பேரினப் பேரையும் குழப்பிக்கிட்டா, ரெண்டு பேரும் ஒரே மாதிரி இருக்கறதால வர்ற வெனை. பதினாறு வயசுப் புள்ளைக்கு இதை ரெண்டு நிமிஷம் சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும், "புக்கைப் பாரு"ன்னு சொல்றதுக்கு வாத்தியார் எதுக்கு.

மல்லிக்காரன்_நிலக்கோட்டை:
வாத்தியார் சொல்றது நூத்துக்கு நூறு. நாங்க மூணு தலைமுறையா மல்லிதான். சைமோஸ்னு பேரு இப்பதான் தெரியுது, ஆனா வெடியக்காலைல மொட்டு பறிக்க எறங்குற பொம்பளைங்க எல்லாருக்கும் இது கையிலயே இருக்கு, கொத்துல நடு மொட்டை இன்னைக்குக் கிள்ளுவாங்க, பக்கத்து மொட்டு ரெண்டையும் விட்டுட்டு வந்துருவாங்க, அது வெளஞ்சப்புறம்தான். புதுசா வர்ற புள்ளைங்க கொத்தோட இழுத்துட்டு வந்து திட்டு வாங்கும். எல்லா மொட்டும் ஒரே நாள்ல வெளஞ்சா எங்களுக்கும் லேசுதான், ஒரு நாள் கூலியோட போயிரும், ஆனா செடி அப்படி இல்லையே அக்கா, தெனமும் எறங்கித்தான் ஆகணும்.

தென்றல்வீடு:
ஐயா ரொம்ப ரொம்ப நன்றி, ரெண்டு தடவை படிச்சேன், பொண்ணு நாலு தடவை படிச்சா. மல்லிக்காரத் தம்பி சொன்னதைக் கேட்டுட்டு காலைல வாங்கின உதிரிப்பூவுல கொத்தைத் தேடுறா, உதிரில எங்கேருந்து கொத்து வரும் 😂 பக்கத்து வீட்டுச் செடில போயி பாத்தோம், நடு அரும்புதான் பெருசு. துளசியும் பாத்தோம், ஒரு வட்டத்துல ஆறு பூ இருக்கு, எண்ணி எண்ணிப் பாத்தாச்சு ஆறுதான். ஆனா அது கீழேருந்து மேல பூத்துக்கிட்டுப் போகுதே, அப்ப ரெசிமோஸ்தானே? புக்குல வெர்டிசில்லாஸ்டரை சைமோஸ் பக்கம் போட்டிருக்கு. அப்புறம் சயாத்தியத்துக்கு அம்மான் பச்சரிசி பறிச்சிட்டு வந்தோம், ஒண்ணுமே தெரியல, கண்ணாடி போட்டும் தெரியல.

ஹெர்பேரியம்_எலி:
முதல்ல துளசி. அது ஆறு பூ வட்டம் இல்ல, மூணும் மூணும். தண்டுல எதிரெதிரா ரெண்டு இலையடிச் செதில் இருக்கும், ஒவ்வொண்ணுக்கும் இடுக்குல மல்லிகை மாதிரி மூணு பூ சைம் (சைமோஸ் கொத்து), நடுப் பூ மூத்தது. ரெண்டு பக்கமும் சேந்து காம்பும் குட்டையா இருக்கறதால வட்டம் மாதிரி தெரியுது. அதனால நீங்க பாத்ததும் சரி புக்கும் சரி, மொத்தத் தண்டு ரெசிமோஸ் மாதிரி கீழேருந்து மேல போகுது, அதுல ஒட்டியிருக்குற ஒவ்வொரு கொத்தும் சைமோஸ். துளசில பூ கம்மிங்கறதால எண்ண முடியுது, தும்பையில நெருக்கியடிச்சுக்கிட்டு உருண்டையா இருக்கும், ஆல்பத்துல ஒட்டுறதுக்கு தும்பைதான் அழகு, எண்ணிக் காட்டுறதுக்கு துளசி.

செல்வி மேடம், கோச்சுக்காதீங்க, வெங்காயம் பாக்கத்தான் குடை. கொத்தமல்லில ஓரம் முதல்ல விரியும் நடு கடைசி, வெங்காய உருண்டையில அந்த ஒழுங்கு இருக்காது, அங்கொண்ணு இங்கொண்ணா விரியும், ஏன்னா அது பல குட்டி சைம்களைச் சுருக்கி ஒரே இடத்துல கட்டின மாதிரி. வாத்தியார் ஐயா சொன்ன அதே விதிதான், உருவத்தைப் பாக்காதே வயசைப் பாரு. ஆனா பரீட்சைல வெங்காயம் குடைன்னு எழுதினா மார்க் வரும், அதை மாத்தச் சொல்லல.

இதே மாதிரி ஏமாத்துற இன்னொருத்தன் தேள்கொடுக்கு, தரிசு நெலத்துல, கொளத்தோரம் ஊதாவா குட்டிக் குட்டியா பூத்துக்கிட்டு நுனி சுருண்டு நிக்கும். பேர் வச்சவங்க எந்தக் காலேஜுலயும் படிக்கல, மஞ்சரியைப் பாத்து அப்படியே தேளோட கொடுக்குன்னு வச்சுட்டாங்க. அடிப் பூ முதல்ல விரியும், நுனி சுருள்ல மொட்டு, பாத்தா ரெசிமோஸ்னு சத்தியமே பண்ணலாம். ஆனா அது சைமோஸ். ஒரு பூவோட ஒரு அச்சு முடிஞ்சுபோகுது, பக்கத்துலேருந்து அடுத்த அச்சு கெளம்பி அதுவும் ஒரு பூவோட முடியுது, எப்பவும் ஒரு கை மட்டும், இப்படிப் பல துண்டு சேந்ததுதான் அந்த ஒரு தண்டு. இதைக் கொண்டுபோனா டீச்சரே ரெண்டு நிமிஷம் யோசிப்பாங்க.

அம்மான் பச்சரிசிய விடுங்க, அதுக்கு நல்ல லென்ஸ் வேணும். நர்சரில யூஃபோர்பியான்னே பேர் சொல்லி விக்கிற முள்ளுச் செடி இருக்கும், செவப்பா ரெண்டு ரெண்டு "இதழ்" வச்சு, அது நிறைய வீட்டுல இருக்கு. அந்தச் செவப்பு ரெண்டும் இதழே இல்ல, செதில். நடுவுல இருக்குற குட்டிக் கிண்ணம்தான் சயாத்தியம், சுத்தி அஞ்சு தேன் சுரப்பி. பிளேடால நெடுக்க வெட்டுனா நடுவுல ஒரே ஒரு பெண் பூ, அதைச் சுத்தி மகரந்தத்தாள் மாதிரி நிறைய நிக்கும். ஒவ்வொரு தாளும் ஒரு முழு ஆண் பூ. எப்படி நம்புறதுன்னா, அந்தத் தாளோட காம்புல பாதியில ஒரு மூட்டு தெரியும், மூட்டுக்குக் கீழ பூக்காம்பு, மேல மகரந்தக் கம்பி. சாதாரண மகரந்தத்தாள்ல அந்த மூட்டு இருக்காது. லின்னேயஸே 1753ல இதை மகரந்தத்தாள் நிறைய இருக்குற ஒரே பூன்னு நெனச்சு அந்தக் கணக்குலதான் சேத்து வச்சிருந்தாரு, அதனால உங்க பொண்ணு கவலைப்பட வேண்டாம். ஒரு முக்கியமான விஷயம், பால் கண்ணுல பட்டா ரொம்ப எரியும், வெட்டின கையோட கண்ணைக் கசக்க விடாதீங்க, சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்க.

மாடித்தோட்டம்_செல்வி:
வெங்காயம் விஷயத்துல மூக்கு ஒடஞ்சுது, ஒத்துக்கறேன் 🙏 இனிமே உரிக்கிறப்ப அழறதுக்கு இன்னொரு காரணம்.

அடுப்படி_அம்மாச்சி:
எல்லாரும் காட்டுச் செடியே சொல்றீங்க, அடுப்படில கெடக்கறத யாரும் சொல்லல. வாழைப்பூவை விட நல்லதா ஒண்ணு கெடைக்குமா. ஒரு மடலைத் தூக்குனா அடியில ரெண்டு வரிசையா பூ இருக்கும், காய் பிடிச்சா அந்த ஒரு மடல் பூவுதான் ஒரு சீப்பு, சீப்புல பழம் ரெண்டு அடுக்கா இருக்கறது அதனாலதான், மொத்த மஞ்சரியும்தான் தாரு. மொதல்ல வர்ற மடல்ல பெண் பூ, அதுதான் காயாகும், கடைசில தொங்குற மொக்குல இருக்கறது ஆண் பூ, நாம பொரியலுக்கு ஆயறது அதை. ஆயும்போது கள்ளன்னு ஒண்ணை உருவிப் போடுவோமே, உச்சில குண்டு இருக்குற குச்சி, அதை மகரந்தம்னு எல்லாரும் சொல்றாங்க, அது மகரந்தம் இல்ல, வேலைக்காகாத சூல்தண்டு. எங்க பேரன் சொல்லித்தான் எனக்கும் தெரியும். அதோட கண்ணாடித்தாள் மாதிரி ஒண்ணு எடுப்போமே அதுதான் இதழ்ல ஒண்ணாம்.

பலாவும் அப்படித்தான். ஒரு பழம்ங்கறது ஒரு பூ இல்ல, ஒரு மஞ்சரியே மொத்தமா பழமாயிடுது, ஒரு சொளை ஒரு பூ. சொளைக்கு நடுவுல நாரு நாரா சடை இருக்கே, அது சூல் பிடிக்காமப் போன பூவு.

ஹெர்பேரியம்_எலி:
அம்மாச்சி அருமை. பலாவோட பங்காளி அத்தியும் இருக்கு, ஆல், அரசு எல்லாம் சேத்து. அங்க தட்டைக் குடுவையா மடிச்சு பூ எல்லாத்தையும் உள்ள வச்சுப் பூட்டியாச்சு, நுனில ஒரு பொடி ஓட்டை மட்டும், அது வழியா அத்திக் குளவி உள்ள போயி மகரந்தம் சேக்குது. இந்த மஞ்சரிக்குப் பேரு ஹைப்பந்தோடியம். அத்தி பூத்த மாதிரின்னு அபூர்வத்துக்குச் சொல்றோம், அது பாட்டுக்கு வருஷா வருஷம் பூத்துக்கிட்டுத்தான் இருக்கு, கதவைச் சாத்திக்கிட்டு. ரோட்டோர ஆலமரத்துல ஒரு காயைப் பறிச்சு ரெண்டா வெட்டி ஒட்டுங்க, ஆல்பத்துல அதுதான் முதல்ல கண்ணுல படும். பெருசு வேணும்னா தாளிப்பனை, ஓலைச்சுவடிக்கு ஓலை குடுத்த மரம், முப்பதுலேருந்து எண்பது வருஷம் வரைக்கும் சும்மா நின்னுட்டு ஒரே ஒரு தடவை உச்சியில பூக்கும், கிளை விட்ட மஞ்சரில உலகத்துலயே அதுதான் பெருசு, காய்ச்சு முடிச்சதும் மரம் செத்துப்போகும். அதை ஆல்பத்துல ஒட்ட முடியாது.

தென்றல்வீடு:
எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல. நேத்து சாயங்காலம் முள்ளுச் செடியை வெட்டிப் பாத்தோம், போன் கேமராவை ஜூம் பண்ணி, மூட்டு தெரிஞ்சுது!! அவ போட்ட கூச்சலுக்கு கீழ்வீட்டுக்காரங்க என்ன ஆச்சுன்னு மேல வந்துட்டாங்க. ஆல்பத்துல ஒன்பது ஆச்சு, கொன்றை, நாயுருவி, கொத்தமல்லி (சந்தையில பூவோட கெடச்சுது, கடைக்காரர் முத்திப்போனதுன்னு சும்மாவே குடுத்துட்டாரு), செண்டுமல்லி, மல்லிகை, தும்பை, தேள்கொடுக்கு, யூஃபோர்பியா, ஆலங்காய். ஆமணக்கைத் தனியா ஒரு பக்கத்துல ஒட்டி "இது சயாத்தியம் அல்ல"ன்னு செவப்பு இங்க்ல எழுதியிருக்கா, வேணாம்டின்னு சொன்னா கேக்கல. மாமியார் செண்டுமல்லியைப் பிச்சுப் பாத்துட்டு ஒண்ணும் சொல்லல, ஆனா சாமிக்குப் போடற பூவை இனிமே யாரும் பிக்கக் கூடாதுன்னு உத்தரவு.

பத்தாவதுக்கு காகிதப்பூவை ஒட்டலாமா? அந்த ரோஸ் கலரு மூணும் இதழா செதிலா?

பழைய_வாத்தியார்:
செதில். மூணு செதிலுக்கும் நடு நரம்புல ஒட்டிக்கிட்டு வெள்ளையா ஒரு குட்டிக் குழாய் நிக்கும், அதுதான் பூ, செதிலுக்கு ஒண்ணு. மூணுல எது முதல்ல விரியுதுன்னு நீங்களே பாத்துட்டு எனக்குச் சொல்லுங்க. ஆமணக்குப் பக்கத்தை அப்படியே விடச் சொல்லுங்கம்மா, அதுல ஒரு தப்பும் இல்ல.